முப்பதுகளில் உடை: முதலில் அளவு ஜாக்கெட்டை மாற்றுங்கள்

புதுத் துணியை மேசையில் வைத்ததும் தையல்காரர் கேட்கும் முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களாக்கா?" என்பதுதான். என்னிடம் இருந்தது திருமணத்துக்கு முன்பு தைத்தது. இரண்டு முறை பிரித்து விடப்பட்டு, தோளில் சற்று இறங்கி, அக்குளில் இறுக்கிப் பிடிக்கும் அந்த ஒன்றையே அளவாகக் கொடுத்துப் பத்து ஆண்டுகளாகத் தைத்து வந்தேன். ஒவ்வொரு புது ரவிக்கையிலும் அதே தோள் இறக்கமும் அதே அக்குள் இறுக்கமும் தவறாமல் வந்து சேர்ந்தன. எங்கள் தெருவில் வீட்டிலேயே தைக்கும் ஓர் அம்மாதான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இப்ப உன் அளவே இல்லம்மா, டேப் வெச்சு எடுத்துடலாம் வா" என்றார்.

முப்பதுகளில் எப்படி உடுத்துவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் மாடலையும் பற்றித்தான் கேட்கிறார்கள். என் பதில் அளவிலிருந்து தொடங்குகிறது. பிள்ளைப்பேறு, நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை, ஏறியிறங்கும் எடை ஆகியவற்றால் இந்தப் பத்தாண்டில் மேற்கையும் இடுப்பும் மார்பின் நிலையும் மாறிவிடுகின்றன. அலமாரியோ இருபத்தைந்து வயதின் கணக்கிலேயே நிற்கிறது. ஆயிரம் ரூபாய்ப் பருத்திப் புடவை சரியான ரவிக்கையோடு எடுப்பாக நிற்பதையும், பத்தாயிரம் ரூபாய்ப் பட்டு தோளில் நழுவும் ரவிக்கையால் களையிழந்து போவதையும் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்க்கலாம்.

அளவு எடுக்கப் போகும்போது, அந்த உடைக்குள் எந்த உள்ளாடையை அணிவீர்களோ அதையே அணிந்து செல்லுங்கள். பழைய, தளர்ந்த பிராவோடு எடுத்த அளவு புதியதோடு பொருந்தாது. மார்புச் சுற்று, அதற்குக் கீழ்ச் சுற்று, தோள் அகலம், கைச்சுற்று, ரவிக்கை உயரம் ஆகியவற்றை எல்லாரும் எடுப்பார்கள். பலர் விட்டுவிடுவது, தோளிலிருந்து டாட் (மார்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) முடியும் இடம் வரையுள்ள இறக்கம். குழந்தை பெற்ற பிறகு அதிகம் மாறுவது அந்த அளவுதான், முன்பக்கம் சுருக்கம் விழுவதற்கு முக்கியக் காரணமும் அதுவே. அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டாம். தையல்காரர் நம்மைப் பாராட்டப்போவதில்லை. பாலூட்டும் காலத்தில் அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், விலை கூடிய ரவிக்கைகளைத் தள்ளிப்போடுவது நல்லது. அவசரமாகத் தைத்தே ஆகவேண்டுமென்றால் இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடச் சொல்லுங்கள்.

வெட்டைப் பொறுத்தவரை, மார்பு சற்று நிறைந்தவர்களுக்குச் சாதாரண டாட்டைவிடப் பிரின்சஸ் கட் சீராக உட்காரும். தோளிலோ அக்குளிலோ தொடங்கி இடுப்பு வரை ஒரே தையலாக இறங்குவதால், துணி உடம்பின் வளைவோடு போகும். முன் கழுத்து, பின் கழுத்து இரண்டையும் அகலமாகவும் ஆழமாகவும் வைத்தால் எந்தத் தையல்காரராலும் தோளை நிறுத்த முடியாது. பின்கழுத்து இறக்கமாக வேண்டுமென்றால் முன்கழுத்தை அளவோடு வையுங்கள். கையின் நீளத்தில் ஒரு கவனம் வேண்டும்: மேற்கையின் பருத்த இடத்தில் கை வந்து முடிந்தால் பார்ப்பவர் கண் அங்கேயே நிற்கும், இரண்டு அங்குலம் கூட்டி முழங்கைக்குச் சற்று மேலே கொண்டுவந்தால் கையே மெலிந்ததுபோல் தோன்றும். லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அதன் பிறகே கொடுங்கள். நனைக்காத பருத்தி லைனிங் முதல் துவைப்பிலேயே சுருங்கி, மேல்துணியையும் இழுத்துக்கொண்டு போகும்.

தைத்து வாங்கும்போது போட்டுப் பார்க்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையை உயர்த்துங்கள். ரவிக்கை முழுவதும் கூடவே மேலே ஏறினால் அக்குள் குழி சரியில்லை. பிறகு குனிந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். கொக்கிகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது, வீட்டுக்குப் போனபின் மறுபடி வர நேரம் கிடைக்காது. எல்லாம் சரியாக அமைந்த அந்த ரவிக்கைதான் இனி உங்கள் அளவு ஜாக்கெட். பழையதை அன்றே கரித்துணியாக்கிவிடுங்கள்.

புடவையின் விழுகைக்குப் பாதிக் காரணம் வெளியே தெரியாத உள்பாவாடை. இடுப்பில் சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை வயிற்றைச் சுற்றி ஒரு தடிப்பை உண்டாக்கும். ஆறு துண்டாகவோ எட்டுத் துண்டாகவோ வெட்டித் தைத்தது இடுப்பில் படிந்து கீழே விரியும். கயிற்று நாடாவை இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் தழும்பு விழுந்தவர்கள் நம்மில் பலர். அகலப் பட்டையாகத் தைத்துக்கொண்டால் அழுத்தம் பரவிவிடும். புடவைக் கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணியையும் லைனிங்கைப் போலவே நனைத்துத்தான் தைக்க வேண்டும், இல்லையேல் கரை சுருண்டு நிற்கும். அன்று போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே புடவையைக் கட்டினால் நீளம் தவறாது.

துணி வாங்குவதில் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு உள்ள வசதி பெரிது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் ஒரு மணி நேரம் செலவிட்டாலே பல ஊர்த் தறிகளைத் தொட்டுப் பார்த்துவிடலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி, கனத்த நூலும் அகலக் கரையும் கட்டமும் கொண்டது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என அழுத்தமான நிறங்கள் அதற்குப் பொருந்தும்; உயரமானவர்களுக்கு அது கம்பீரமாக இருக்கும், உயரம் குறைந்தவர்கள் கரை குறுகியதாகப் பார்த்து எடுத்தால் போதும். கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் மதுரைச் சுங்குடி மிக மென்மையானது, சித்திரை வெயிலிலும் நாள் முழுதும் கட்டியிருக்கலாம். அலுவலகத்துக்கு என்னுடைய முதல் தேர்வு அதுதான். 2023இல் குறியீடு பெற்ற நெகமம் பருத்தி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புதுப் பருத்திப் புடவை கஞ்சியால் விறைத்து உடம்பைப் பெருக்கிக் காட்டும். அதைக் கண்டு புடவையை ஒதுக்கிவிடாமல், கல்லுப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் தனியாக ஒருமுறை அலசி நிழலில் உலர்த்துங்கள். இரண்டு மூன்று துவைப்பில் அது நம் உடம்புக்குப் பழகிவிடும்.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யக் கூடாது. துணியை வாசலுக்கு எடுத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துப் பாருங்கள். முகம் தெளிந்தால் அது உங்கள் நிறம், சோர்ந்தால் அல்ல. "மாநிறத்துக்கு இது ஒத்துவராது" என்று கடைக்காரர் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு யாவும் நம் தோலின் நிறத்தில்தான் சுடர்விடுகின்றன. ஒவ்வொரு புடவைக்கும் மேட்சிங் ரூபியா ரவிக்கைத் துணி தேடி அலைவதையும் இந்த வயதில் நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு, அரக்கு, சந்தனம், கலம்காரி என நான்கு ரவிக்கைகளை நன்றாகத் தைத்து வைத்துக்கொண்டால் இருபது புடவைகளுக்கு ஈடுகொடுக்கும்.

குர்த்தியில் பார்க்க வேண்டியவை இரண்டே. தோள் தையல் தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் அமர வேண்டும். கைப்பக்கம் வழிந்து தொங்கினால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அக்காவின் உடையைத் தங்கை போட்டதுபோல் இருக்கும். பக்கத் திறப்பு இடுப்பின் அகன்ற இடத்துக்குச் சற்றுக் கீழே தொடங்குவது நல்லது. மேலேயே தொடங்கினால் உட்காரும்போதெல்லாம் இழுத்துவிட வேண்டியிருக்கும். மெல்லிய லெக்கின்ஸுக்குப் பதிலாக நேர்வெட்டுப் பருத்திப் பேண்ட் இரண்டு, கறுப்பிலும் வெண்சந்தனத்திலும் வாங்கிவிட்டால், அதே பழைய குர்த்திகளே புதிதாகத் தோன்றும். சட்டையும் ஜீன்ஸும் அணிபவர்களுக்கும் இதே தோள் கணக்குத்தான். இடுப்புக்கு வாங்கித் தொடையில் தொளதொளப்பதைவிட, தொடைக்குப் பொருந்துவதை வாங்கி, இடுப்பைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது மேல்.

அம்மாவின் பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இருபதுகளில் "கிழவி மாதிரி இருக்கு" என்று நாம் ஒதுக்கிய அந்தக் காஞ்சிபுரப் பட்டுகள் முப்பதுகளில் நமக்கென்றே நெய்ததுபோல் அமைந்துவிடுகின்றன. நான் என் அம்மாவின் பாக்கு நிறப் பட்டை வெளியே எடுத்தபோது, ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடந்ததால் மடிப்போரத்தில் நூல் தெறிக்கத் தொடங்கியிருந்தது. நல்லவேளையாக அது கொசுவத்துக்குள் போகும் பகுதி. பழைய பட்டை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள், சரிகையின் மேல் வாசனைத் திரவியம் படவிடாதீர்கள். அதற்கு அதே நிறத்தில் பட்டு ரவிக்கை தைக்காமல், வேற்று நிறத்தில் முழங்கைவரை நீண்ட சாதாப் பருத்தி ரவிக்கை தைத்துக் கட்டினால், பழைய புடவை என்றே யாருக்கும் தோன்றாது. நகையும் அப்போது ஒரு ஜிமிக்கியோடு நின்றுவிடும்.

"ரெண்டு புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் பெரியம்மா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் அனுபவத்தில், மறுவாரமே அந்தத் தையல்காரர் யார் என்று விசாரிப்பவரும் அவராகவே இருக்கிறார்.

இவ்வளவையும் மனத்தில் வைத்திருந்தாலும், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு துணியோடு போய் நின்றால் பலனில்லை. அப்போது எந்தத் தையற்கடையிலும் புதிதாக அளவு எடுக்க நேரம் இராது. "பழைய அளவு ஜாக்கெட் குடுத்துட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்கள். புரட்டாசி பிறக்கும்போதே, கூட்டம் இல்லாத ஒரு வார நாளின் காலையில் போய் டேப் வைத்து எடுத்துக்கொண்டு, அந்த எண்களைத் தேதியோடு கைப்பேசியில் குறித்து வையுங்கள்.