குட்டி வளர்ந்த பிறகு வாலை வெட்டலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாபர்மேன், ராட்வைலர், பாக்சர், காக்கர் ஸ்பேனியல் குட்டிகளை முதல் முறையாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "குட்டிக்கு இரண்டரை மாதம் ஆகிறது. வாலை வெட்டாமலே கொடுத்துவிட்டார்கள். இப்போது வெட்டிவிடலாமா? காலின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் நகத்தையும் சேர்த்து எடுத்துவிடலாமா?" நாய் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் இதே கேள்வியை இதே அவசரத்தோடு கேட்டவன்தான். ஆகையால் கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தம் கிடையாது. அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணம்தான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

தகுதியுள்ள கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விட்டதைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பது

"பிறந்தவுடன் செய்யத் தவறியதை இப்போது செய்கிறோம், அவ்வளவுதானே?" என்பதுதான் அந்த எண்ணம். மூன்றாம் நாளில் செய்வதும் மூன்றாம் மாதத்தில் செய்வதும் ஒரே வேலை, தேதி மட்டும் தள்ளிப்போயிருக்கிறது என்று நம்புகிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது.

வழக்கமாக வால் வெட்டுகிறவர்கள் குட்டி பிறந்த 3 முதல் 5 நாட்களுக்குள் வெட்டிவிடுவார்கள். அந்த வயதில் வால் மெலிந்திருக்கும், எலும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. பெரும்பாலும் மயக்க மருந்தே கொடுப்பதில்லை. வலிக்காது என்று பலர் சொல்வார்கள். வெட்டும் நேரத்தில் பக்கத்தில் நின்று அந்தக் குட்டி வீறிடுவதைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிறந்த குட்டிக்கே வலிக்கிறது என்றால் வளர்ந்த குட்டியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மூன்று மாதக் குட்டியின் வாலில் முழு உருவம் பெற்ற முள்ளெலும்புகள் இருக்கின்றன. நீண்ட வாலுள்ள நாய்க்கு அவை சுமார் 20 இருக்கும். அவற்றைச் சுற்றித் தசைகளும் தசைநாண்களும் உண்டு. நீளவாட்டில் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. நுனிவரை நரம்புகள் போகின்றன. வாலின் அடிப்பகுதித் தசைகள் சில, மலக்குடலைத் தாங்கும் தசைகளோடு சேர்ந்தவை. இதை வெட்டுவது உறுப்பு நீக்கம். முழு மயக்கம் வேண்டும், ரத்தக்குழாய்களைக் கட்ட வேண்டும், எலும்புகளுக்கு நடுவே மூட்டில் பிரிக்க வேண்டும், எலும்பு நுனியைத் தசையாலும் தோலாலும் மூடித் தைக்க வேண்டும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை நாய்க்குக் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை. அறுபட்ட நரம்பின் முனை சில நாய்களுக்கு முடிச்சுப்போல் தடித்து, தொட்டாலே வலிக்கும் இடமாக ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாய் தன் வால் முனையைத் தானே கடித்துக்கொண்டிருக்கும்.

இதில் வயதுக்கு இன்னொரு பங்கும் உண்டு. ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம்வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். மனிதர்கள், சத்தங்கள், மேசை மீது ஏற்றி நிறுத்தும் கைகள் எல்லாமே நல்லவையா பயப்பட வேண்டியவையா என்று அது அப்போதுதான் முடிவு செய்கிறது. நாம் சரியாக அந்த வாரங்களில் கொண்டுபோய் மயக்கி, வெட்டி, வலியோடு எழுப்புகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தம் டாபர்மேன் குட்டிக்கு மூன்று மாதம் முடிந்த பிறகு வாலை வெட்டினார். நான் வேண்டாம் என்றேன்; டாபர்மேன் என்றால் பார்ப்பதற்கு டாபர்மேனாக இருக்க வேண்டும் என்றார். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கியது. அது மகிழ்ச்சியான குட்டி. யார் உள்ளே வந்தாலும் மிச்சமிருந்த வாலை ஆட்டியது, சுவரில் அடித்துக்கொண்டது, தையல் விட்டுப்போயிற்று. புண் சீழ் பிடித்தது. மறுபடியும் மயக்கம், மறுபடியும் வெட்டு. இந்த முறை முன்பைவிடக் குட்டையாக. புண் ஆறிவிட்டது. ஆனால் வளர்ந்த பிறகும் அந்த நாய் தன் பின்பக்கத்தில் கை வைக்க விடவில்லை. மருத்துவமனை வாசலிலேயே உறுமத் தொடங்கிவிடும். ஊசி போடுவதற்கும் வாய்க்கூடு மாட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்பு, கண்ணில் படுகிறவர்கள் மடியிலெல்லாம் ஏறிய குட்டி அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் குட்டிக்கு வாலில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

வால் வெட்டுவதை ஓரளவு அனுமதிக்கும் சட்டங்களும் இந்த வேறுபாட்டை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2007 முதல் அழகுக்காக வால் வெட்டுவதற்குத் தடை. வேலைக்குப் பயன்படும் சில வகை நாய்களுக்கு விலக்கு இருந்தாலும் குட்டி 5 நாளைத் தாண்டியிருக்கக் கூடாது, வெட்டுபவர் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து 2007இல் முழுவதுமாகத் தடை செய்து, 2017இல் வேட்டைக்குப் போகும் ஸ்பேனியல் போன்ற சில வகைகளுக்கு மட்டும் தளர்த்தியது. அங்கும் வரம்பு 5 நாள்தான். வளர்ந்த குட்டிக்கு நோயோ காயமோ இல்லாமல் வெட்டுவதற்கு இந்தச் சட்டங்களில் இடமே இல்லை. நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி போன்ற நாடுகள் அதற்கும் முன்பே தடை விதித்துவிட்டன. நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தை முதலில் விசாரியுங்கள்.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்காமல் மேசையில் ஏற்றுவது

டாபர்மேன் வைத்திருப்பவர்கள் இதை நின்று படிக்க வேண்டும். ரத்தம் உறையத் தேவையான ஒரு புரதம் குறைவாக இருக்கும் வான் வில்லபிராண்ட் நோய் இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. நாய் ஓடும், விளையாடும், சாப்பிடும். அறுவை சிகிச்சையிலோ விபத்திலோ ரத்தம் நிற்காமல் கசியும்போதுதான் தெரியவரும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும் என்பதால் அதை நம்பி இருந்துவிட முடியாது. இந்தப் புரதத்தின் அளவையே தனியாகப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. மரபணுப் பரிசோதனையும் இருக்கிறது. இரண்டும் கிடைக்காவிட்டால், உதட்டின் உட்புறத்தில் சிறு கீறல் போட்டு ரத்தம் நிற்கும் நேரத்தை மருத்துவர் அளக்கலாம். ஆரோக்கியமான நாய்க்குச் சுமார் 4 நிமிடத்துக்குள் நின்றுவிடும். வால், நகம் மட்டுமல்லாமல் கருத்தடைக்கு முன்பும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ரப்பர் வளையம்

வாலில் இறுக்கமாக ரப்பர் வளையம் மாட்டி அதைத் தானாக உதிர வைப்பது கூடவே கூடாது. ரத்த ஓட்டம் நின்று வால் உயிரோடு அழுகும். தொற்று முதுகெலும்புப் பக்கம் ஏறினால் நாயின் உயிருக்கே ஆபத்து.

"பின்னால் அடிபடும்" என்ற பயம்

வேலை செய்யும் நாய்க்கு வால் காயப்படும், அதனால் முன்னெச்சரிக்கையாக வெட்டுகிறோம் என்பார்கள். பிரிட்டனில் 1,38,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, வால் காயத்தின் அளவு மொத்தத்தில் 0.23 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஒரு நாயின் வால் காயத்தைத் தடுக்க ஏறத்தாழ 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டும் என்பது அதன் கணக்கு. முட்புதருக்குள் புகுந்து வேட்டையாடும் ஸ்பேனியல்களுக்குக் காயம் இதைவிட அதிகம்தான், அதை மறுக்கவில்லை. உங்கள் நாய் முட்புதருக்குள் போகிறதா, அல்லது கூடத்தில் படுத்திருக்கிறதா என்பதை நீங்களே பாருங்கள்.

வெட்டுவதால் இழப்பதையும் இதே தராசில் வைக்க வேண்டும். நாய்கள் ஒன்றையொன்று தூரத்திலிருந்து எடைபோடுவது பெரிதும் வாலைப் பார்த்துத்தான். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொலைவிலிருந்து இயக்கும் நாய் உருவம் ஒன்றுக்கு நீண்ட வாலையும் குட்டை வாலையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நீண்ட வால் ஆடியபோது பெரிய நாய்கள் நெருங்கி வந்தன, அது அசையாமல் நின்றபோது தயங்கின. குட்டை வால் ஆடுவதற்கும் அசையாமல் இருப்பதற்கும் அவற்றிடம் வேறுபாடு தென்படவில்லை. வால் வெட்டிய நாய்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும்போது மற்ற நாய்கள் அவற்றின் முன் சற்றே விறைத்து நிற்பதை நான் பல முறை கவனித்திருக்கிறேன்.

முன்கால் நகத்தையும் பின்கால் நகத்தையும் ஒன்றாக நினைப்பது

காலின் உட்புறத்தில், தரையைத் தொடாமல் மேலே நிற்கும் டியூ கிளா பற்றிச் சொல்கிறேன். முன்காலில் இருப்பது நாயின் கட்டைவிரல். அதற்கு எலும்பு உண்டு, மூட்டு உண்டு, தசைநாண்கள் வந்து சேர்கின்றன. "தரையைத் தொடுவதில்லையே, அதனால் பயன் இல்லை" என்பார்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடாது, சரி. நாய் முழு வேகத்தில் ஓடித் திடீரென்று திரும்பும் படம் ஒன்றைப் பாருங்கள்: முன்காலின் மணிக்கட்டு தரையோடு தாழ்ந்து, அந்த நகம் மண்ணில் ஊன்றியிருக்கும். எலும்பைக் கடிக்கும்போது அதை இறுக்கிப் பிடிப்பதற்கும், கரையேறும்போது பற்றிக்கொள்வதற்கும் அதே விரல்தான். இதை வளர்ந்த குட்டியிடமிருந்து எடுப்பது ஒரு விரலையே எடுப்பது. அதிலும் நகம் முளைக்கும் திசு சிறிது தங்கிவிட்டால், நகம் கோணலாக மறுபடியும் முளைத்துத் தோலைக் குத்தும்.

பின்காலில் இருப்பது பல நாய்களுக்கு வேறு கதை. எலும்போடு சேராமல் வெறும் தோலில் தொங்கும். விரலால் தள்ளினால் எல்லாப் பக்கமும் ஆடும். எதிலாவது மாட்டிக் கிழியும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம். அடிக்கடி மாட்டுகிறது, கிழிகிறது என்றால் எடுத்துவிடலாம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கிரேட் பிரனீஸ், பிரியார்ட், போசெரான் போன்ற இனங்களுக்குப் பின்காலில் இரட்டை நகம் இருப்பதே இன இலக்கணம். நார்வேயின் லுண்டேஹுண்டுக்கு ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல்கள். இன்ன இனம் என்று தெரியாமல் "கூடுதல் விரல்" என்று எடுத்துவிட்டு, பிறகு விசாரிக்க வந்தவர்களும் உண்டு.

எடுக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நகத்தை அசைத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே.

நகம் வெட்டுவதற்குப் பதில் விரலை எடுப்பது

தேயாத நகம் வளைந்து வளர்ந்து சதைக்குள் இறங்கும் என்பது உண்மை. அதற்கு மருந்து, சில வாரங்களுக்கு ஒரு முறை நுனியை வெட்டுவது.

"மயக்கம் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்"

தொங்கும் பின்கால் நகத்தைக் கருத்தடையோடு சேர்த்து எடுப்பது நியாயம். இரண்டாவது மயக்கம் மிச்சமாகும். தேவையில்லாத வால் வெட்டையும் அதே பட்டியலில் செருகுவதற்கு அது காரணம் ஆகாது. ஒவ்வொரு புண்ணும் தனியாக ஆற வேண்டும். நான்கு காலிலும் கட்டு, வயிற்றில் தையல், வாலில் தையல் என்று கிடக்கும் குட்டியை இரவெல்லாம் நக்கவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படிப்பட்ட வேலை என்பதை முன்பே யோசியுங்கள்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரை

கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், பாரசிட்டமால் இரண்டும் நாயைக் கொல்லக்கூடியவை.

உண்மையாகவே எடுக்க வேண்டியிருக்கும்போது தயங்குவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் இருக்கிறார்கள். வால் நுனி மறுபடி மறுபடி உடைந்து ரத்தம் தெறிக்கிறது, கதவில் நசுங்கி உணர்ச்சியே போய்விட்டது, கட்டி வளர்கிறது என்றால் வெட்டுவதுதான் சிகிச்சை. அப்போது மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எவ்வளவு நீளம் மிஞ்சும், வலிக்கு என்னென்ன மருந்து எத்தனை நாளுக்கு, எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா. நுனியைக் காப்பாற்றுவதற்காகச் சிறிது சிறிதாக இரண்டு மூன்று முறை வெட்டுவதைவிட, ஆரோக்கியமான தோல் தாராளமாக இருக்கும் இடத்தில் ஒரே முறை வெட்டுவது பெரும்பாலும் நாய்க்கு நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு வாலாட்ட வைக்கும் வரவேற்புகளைத் தவிருங்கள், குறுகலான இடைவழியில் கட்டாதீர்கள். காலில் கட்டு இருந்தால் விரல் நுனிகளைக் காலையும் மாலையும் பாருங்கள். கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். விரல்கள் வீங்கினாலோ சில்லிட்டாலோ, இரவானாலும் மருத்துவரை அழைத்துவிட வேண்டும்.