க்ரூகர் தேசியப் பூங்காவில் நீங்களே கார் ஓட்டி சஃபாரி போவது எப்படி?

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் கூரை திறந்த ஜீப்பும் அதை ஓட்ட ஓர் உள்ளூர் வழிகாட்டியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. வாடகைக் காரை எடுத்துக்கொண்டு நீங்களே உள்ளே போகலாம். நம் ஊரைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். தார்ச் சாலை, பெட்ரோல் பங்க், கடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு.

ஆனால் பூங்கா மிகப் பெரியது. 19,000 சதுர கி.மீட்டருக்கு மேல் பரப்பு, வடக்கு தெற்காகச் சுமார் 350 கி.மீ. நீளம். புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நாள் முழுக்க ஓட்டுவார்கள். கடைசியில் பார்த்தது சாலை மட்டுமாக இருக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் குறைவாக ஓட்டி நிறையப் பார்ப்பதற்கானது.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

முதல்முறை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை போங்கள். அது வறண்ட காலம். புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், மரங்கள் இலை உதிர்த்திருக்கும், குட்டைகள் வற்றிப்போனதால் விலங்குகள் ஆற்றையும் மீதமுள்ள நீர்நிலைகளையும் தேடி வந்தே தீரும். அதிகாலையில் குளிர் உறைக்கும் என்பதால் ஸ்வெட்டரும் குல்லாவும் அவசியம். நவம்பர், டிசம்பரில் காடு பச்சைப்பசேல் என்று இருக்கும், இம்பாலா மான்கள் குட்டி போடும், வலசைப் பறவைகள் வந்து சேரும். ஆனால் உயர்ந்த புல்லுக்குள் பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாது.

படி 2: விசா, உரிமம், மலேரியா மாத்திரை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில், புகைப்படத்தோடு இருக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் வாடகை நிறுவனத்தில் கேள்வி வராது.

விமான டிக்கெட் எடுக்கும்போது எந்த ஊரில் மாறுகிறீர்கள் என்று பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். நைரோபி, அடிஸ் அபாபா இரண்டும் இந்தக் கணக்கில் வரும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

க்ரூகர் மலேரியா உள்ள பகுதி. மழைக்காலத்தில் ஆபத்து கூடுதல். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். பலர் செய்யும் தவறு, ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் 4 வாரம், அட்டோவாக்வோன்-ப்ரோகுவானில் என்றால் 7 நாள் தொடர வேண்டும். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்கா போய் வந்ததை முதல் வார்த்தையாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 3: தெற்கில் ஒன்று, நடுப்பகுதியில் ஒன்று என இரண்டே முகாம்கள்

முகாம் என்றால் பூங்காவுக்குள் இருக்கும் தங்குமிடம். நான்கு இரவுகள் போதும். லோயர் சாபியில் இரண்டு, சட்டாராவில் இரண்டு. ஜோஹன்னஸ்பர்கிலிருந்து என்4 நெடுஞ்சாலையில் வந்து க்ரோக்கடைல் பிரிட்ஜ் வாயிலில் நுழைந்தால் லோயர் சாபி சுமார் 35 கி.மீ. அங்கிருந்து ட்ஷோக்வானே வழியாகச் சட்டாரா 90 கி.மீ. சொச்சம். கடைசி நாள் ஓர்ப்பென் வாயில் வழியாக வெளியேறலாம். சட்டாராவிலிருந்து 48 கி.மீ.தான்.

அறைகளைப் பூங்கா நிர்வாகமான சான்பார்க்ஸின் இணையதளத்தில் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். இந்த இரண்டு முகாம்களிலும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை வாடகை போக, தலைக்கு நாள் ஒன்றுக்கு ஓர் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணமும் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் சமையல் வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுத்து, அரிசி, பருப்பு, காய்கறியை வாயிலுக்கு வெளியே உள்ள கோமாட்டிபோர்ட்டில் வாங்கிக்கொள்வது நல்லது.

படி 4: கார்

முக்கியச் சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. ஆனால் இருக்கை உயரமாக இருக்கட்டும். தாழ்ந்த காரில் உட்கார்ந்தால் புல்லுக்கு மேலே கண் எட்டாது. சாவி வாங்கும்போதே ஸ்டெப்னி, ஜாக்கி, நான்கு ஜன்னலும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பங்க் முக்கிய முகாம்களில் மட்டும்தான் என்பதால் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் நம்பத்தக்கதல்ல. முகாம் கடையில் விற்கும் அச்சு வரைபடத்தை முதல் வேலையாக வாங்குங்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும், 8x42 போதும். கேமரா இருந்தால் 300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ். ஒரு துணிப்பையில் அரிசியைக் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸைத் தாங்கிப் பிடியுங்கள். எஞ்சினை அணைத்த பிறகே எடுங்கள்; அதன் அதிர்வே பாதிப் படங்களைக் கெடுக்கும்.

படி 5: ஒரு நாளை எப்படிக் கழிப்பது

வாயில் திறக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூனில் முகாம் கதவு காலை 6:00க்குத் திறந்து மாலை 5:30க்கு மூடும். டிசம்பரில் 4:30க்கே திறக்கும், 6:30க்கு மூடும். தாமதமாக வந்தால் அபராதம்.

கதவு திறக்கும்போது வரிசையில் நில்லுங்கள். முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும்தான் பொன்னான நேரம். நடுப்பகலில் சிங்கம் தூங்கும். நீங்களும் முகாமுக்குத் திரும்பி ஓய்வெடுங்கள்.

வேக வரம்பு தாரில் 50 கி.மீ., மண் சாலையில் 40. விலங்கு தேடும்போது 20, 25தான் சரி. பயண நேரத்தையும் மணிக்கு 25 கி.மீ. என்றே கணக்கிடுங்கள். அப்படிப் பார்த்தால் லோயர் சாபியிலிருந்து சட்டாராவுக்குப் போகவே நான்கு மணி நேரம்.

லோயர் சாபியில் தங்கும் காலையில் ஸ்குகுஸா போகும் எச்4-1 சாலையில் ஆற்றோரமாகப் போங்கள். சாலை நெடுக அத்தி மரங்கள். இலைகளுக்குள் சிறுத்தையைத் தேடாதீர்கள். கிடைமட்டமான தடித்த கிளையிலிருந்து நேர் கீழே தொங்கும் வாலைத் தேடுங்கள். மாலையில் முகாமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சன்செட் அணை. எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். நீர்யானை, முதலை, நாரைகள் உண்டு. தண்ணீர் குடிக்க வேறு என்னென்ன வரும் என்று சொல்ல முடியாது. சட்டாராவில் எஸ்100 மண் சாலை. சிங்கத்துக்குப் பெயர் போனது.

படி 6: விலங்கையல்ல, அதைப் பார்க்கும் விலங்கைப் பாருங்கள்

இம்பாலா கூட்டம் மொத்தமும் தலை தூக்கி ஒரே திசையில் பார்த்து, மூக்கால் சீறினால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி அசையாமல் நின்று ஒரே இடத்தை வெறித்தாலும் அப்படியே. பிணந்தின்னிக் கழுகுகள் மரத்தில் காத்திருக்கின்றன என்றால் கீழே இரையும், இரையை விட்டு நகராத சிங்கமோ கழுதைப்புலியோ இருக்கக்கூடும். அங்கேயே நில்லுங்கள். இருபது நிமிடம் பொறுக்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

படி 7: யானையிடம் தூரம்

க்ரூகரில் கார்களுக்கு உண்மையான ஆபத்து யானைதான். குறைந்தது 50 மீட்டர் விடுங்கள். கூட்டம் சாலையைக் கடந்து முடித்தது போலத் தோன்றினாலும் உடனே கிளம்பாதீர்கள். பின்தங்கிய குட்டியும் தாயும் புதருக்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கார் போய் நின்றால் தாய் பொறுக்காது.

தனி ஆண் யானை வந்தால் கண்ணுக்கும் காதுக்கும் இடையே பாருங்கள். கன்னத்தில் மதநீர் கருங்கோடாக வழிந்து, பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீரால் நனைந்திருந்தால் அது மதம் கொண்ட யானை. ஹாரன் அடிக்காமல், எஞ்சினை உறுமவிடாமல், மெல்ல ரிவர்ஸில் போய்க்கொண்டே இருங்கள். பின்னால் இன்னொரு கார் ஒட்டி நிற்காதபடி முன்கூட்டியே பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை.

அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. தலை, கை வெளியே நீட்டுவதும் தவறு. காரின் முழு உருவத்துக்குச் சிங்கம் பழகியிருக்கிறது; அதிலிருந்து ஒரு மனித உருவம் பிரிந்து வந்தால் நிலைமை மாறிவிடும். டயர் பஞ்சரானால் முதலில் அடுத்த காரையோ பூங்கா அவசர எண்ணையோ நாடுங்கள். அந்த அவசர எண்ணைப் பூங்காவுக்குள் நுழையும்போதே குறித்து வையுங்கள்.

படி 8: முகாமில்

குரங்குக்கும் பபூனுக்கும் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். மனிதரிடம் உணவு பறிக்கப் பழகிய விலங்கைக் கடைசியில் சுட்டுத்தான் கொல்கிறார்கள். வராந்தாவில் இருக்கும் ஃபிரிட்ஜின் தாழ்ப்பாளை ஒவ்வொரு முறையும் போடுங்கள்.

இருட்டிய பின் சொந்தக் காரில் வெளியே போக முடியாது. அதனால் பூங்கா ஊழியர்கள் அழைத்துப் போகும் இரவு சஃபாரி ஒன்றையாவது முன்பதிவு செய்யுங்கள். புனுகுப்பூனை, தேவாங்கு போன்ற கண் பெருத்த புஷ்பேபி எல்லாம் அப்போதுதான் தெரியும்.

காண்டாமிருகத்தைப் பார்த்தால் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், படத்தை உடனே பகிராதீர்கள். கொம்புக்காகக் கொல்லும் கும்பல்கள் சமூக வலைதளங்களையும் கவனிக்கின்றன. கேமராவிலும் போனிலும் இருப்பிடப் பதிவை வாயிலுக்குள் நுழையும் முன்பே அணைத்துவிடுங்கள்.