எதையும் ஒதுக்காமல் அளவாகச் சாப்பிட

"இன்றிலிருந்து சர்க்கரையே கிடையாது, சோறே கிடையாது" என்று கிளம்பியவர்கள் எங்கள் வீட்டில் நிறையப் பேர். சமைப்பவள் நான், அதனால் அந்த வேகம் எப்போது தணியும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்திலிருந்து உடல் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும், பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் சேர்ந்தே வரும்.

எதையும் நிறுத்துவதற்கு முன் அளந்து பாருங்கள்.

சர்க்கரையில் தொடங்கலாம். வழக்கமாகப் போடுகிற டீஸ்பூனில் வழக்கம்போல அள்ளி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். ஸ்பூனில் நிற்பது ஏறக்குறைய 4 கிராம். வழித்ததில் கீழே விழுந்ததையும் பாருங்கள். தாராளக் கைக்காரர்களுக்கு அதுவே இன்னொரு ஸ்பூன் தேறும்! ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேனும் பழச்சாறும் இதில் அடக்கம் ("நான் தேன்தான் சேர்க்கிறேன்" என்பவர்களுக்கு இது பிடிக்காது). முழுப் பழம் இந்தக் கணக்கில் வராது, கடித்துச் சாப்பிடுங்கள்.

எண்ணெயை ஸ்பூனால் அளக்க யாருக்கும் பொறுமை இருக்காது. புதுப் புட்டியைத் திறக்கும்போது அதன்மேல் தேதியை எழுதிவிடுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு லிட்டர் 10 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்குக் கொஞ்சம் மேல். அடுத்த புட்டி இரண்டு நாள் கூடுதலாக வந்தால் போதும். எண்ணெயே இல்லாத சமையலுக்குத் தாவ வேண்டியதில்லை.

இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதற்கு முன் கொஞ்சம் பேசிக்கொண்டிருங்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டக் கால் மணி, இருபது நிமிடம் பிடிக்கும்.

ஆசைப்பட்ட பண்டத்தைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டு தின்னாதீர்கள். வேண்டியதைத் தட்டில் வைத்து, மீதியை மூடிவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடியோடு மறுத்தால் மனம் அதையே சுற்றும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், மாதக்கணக்கில் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டவர்கள் சிலர் சமையல் குறிப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்தார்களாம்.

எதைத் தின்றாலும் குற்ற உணர்ச்சி, அழைத்த வீட்டில் சாப்பிடப் பயம் என்று ஆகிவிட்டால் அதை ஆரோக்கியக் கட்டுப்பாடு என்று பாராட்ட மாட்டேன். இதற்கு 1997இலேயே ஸ்டீவன் பிராட்மேன் என்ற மருத்துவர் 'ஆர்த்தரெக்ஸியா' என்று பெயர் வைத்துவிட்டார். அந்த நிலைக்கு வந்தவர்கள் மருத்துவரிடம் பேசுவது நல்லது.

ஒவ்வாமை, சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் குடலுக்கு ஆகாத நோய்) உள்ளவர்களுக்கு மட்டும் இந்த 'அளவாக' பொருந்தாது. ஆகாததை அவர்கள் துளியும் தொடக்கூடாது. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.