ரூபி கோடை ஏஐயிடம் கொடுக்கும் முன் ரூபோகாப்பை ஓட்டுங்கள்

ரூபி நிரல்மொழியில் எழுதிய கோடின் தரத்தை ஏஐ உதவியாளரிடம் பார்க்கச் சொல்லும் முன், ரூபோகாப்பை (ரூபி கோடைப் படித்துக் குறை காட்டும் கருவி) உங்கள் கணினியிலேயே ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அப்புறம் அது 'மெட்ரிக்ஸ்' (கோடின் நீளம், சிக்கல் பற்றிய) வகையில் குறை சொன்ன கோப்புகளை மட்டும், அவற்றின் டெஸ்டுகளோடு கொடுங்கள்.

இடைவெளி, மேற்கோள்குறி, பெயர் வைக்கும் முறை போன்ற சில்லறைக் குறைகளை ரூபோகாப் இலவசமாகவே பிடித்துவிடும். அதை ஓட்ட இணையமும் வேண்டாம். மட்டக்களப்பில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை; ஏஐ படிக்கும் உரையை அளக்கும் அலகான டோக்கனும் மிச்சம். 10 வரியைத் தாண்டிய மெதடை ரூபோகாப் காட்டும். அதை எங்கே பிரிப்பது, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் டேட்டாபேஸுக்குப் போகிறதா என்பதையெல்லாம் ஏஐயிடம் கேளுங்கள். "கோட் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் பாராட்டுத்தான் வரும்!

'சென்ட்', 'டிஃபைன் மெதட்' (மெதடைப் பெயரைக் கொடுத்து அழைக்கவும், ஓடும்போதே உருவாக்கவும் உதவுபவை) நிறைய உள்ள கோடில் ஏஐ சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மெதட் பெயர்கள் கோட் ஓடும்போதுதான் உருவாகின்றன என்பதால், பயன்பாட்டில் உள்ள மெதடையே 'யாரும் அழைக்கவில்லை, நீக்கலாம்' என்று ஏஐ சொல்லிவிடக்கூடும். வாடிக்கையாளரின் கோடை வெளியே அனுப்ப ஒப்பந்தம் இடம் தராவிட்டால், ரூபோகாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.