இரவு இருமலும் இடப்பக்கப் படுக்கையும்

பகலில் ஒன்றுமே இருக்காது. படுத்த கொஞ்ச நேரத்தில் வறட்டு இருமல் தொடங்கும். காலையில் வாயெல்லாம் புளிப்பு, குரல் கரகரப்பு.

இருமல் மருந்துக்கு மசியவில்லை. தூசி ஒவ்வாமையோ என்று போர்வை, தலையணை உறை எல்லாம் துவைத்தாயிற்று. அப்புறம் மருத்துவர்தான், நெஞ்செரிச்சல் இல்லாமலும் இரைப்பை அமிலம் மேலேறும் என்றார். உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் விழுங்கும்போது திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால், படுத்ததும் அமிலம் தொண்டைவரை வந்துவிடும்.

சரி என்று தலையணைகளை அடுக்கினேன். இன்னும் மோசம்! உடம்பு இடுப்பில் மடங்கி வயிறு அமுங்கியதுதான் மிச்சம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து 15 செ.மீ. உயர்த்தி, சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்தே படுத்ததில் பாதி குறைந்தது.

மீதியைத் தீர்த்தது படுக்கும் பக்கம். இரைப்பை இடப்பக்கமாகப் புடைத்திருக்கும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் அந்தப் புடைப்பில் தேங்கும், உணவுக்குழாய் சேரும் இடம் அதற்கு மேலே நிற்கும். வலப்பக்கம் புரண்டால் நேர்மாறு. தூக்கத்தில் புரளாமலிருக்க, மிஞ்சிய தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தேன். அன்றிரவே இருமல் நின்றது. அப்பாடா!