'ஏகாதிபத்திய எதிர்ப்பு': எங்கே எழுதலாம், எங்கே கூடாது

ஏக (ஒரே) + ஆதிபத்தியம் (மேலாட்சி). அரசியலில், ஒரு நாடு படையாலோ பணத்தாலோ பிற நாடுகளை அடக்கிவைப்பது. வந்து உட்கார்ந்து ஆண்டால் காலனியாதிக்கம்; வராமலே கடனைக் கொடுத்து ஆட்டிவைத்தாலும் ஏகாதிபத்தியம்தான்.

இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியை 1795இல் பதவியிறக்கிச் சிறைவைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் காலத்தை எழுதும்போது 'கம்பெனி எதிர்ப்பு' என்பதே துல்லியம். 'ஏகாதிபத்தியம்' என்ற பெரிய சொல் பின்னால் வந்தது.

இலங்கைக் கடற்படை பாம்பன் மீனவரைக் கைதுசெய்வதைக் கண்டிக்கும் சுவரொட்டியில் இந்தச் சொல் ஒட்டாது. அது கடல் எல்லைத் தகராறு. 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தைச் சொல்லுங்கள், விஷயம் புரியும்.

அச்சுக்குப் போகுமுன் ஒற்றைப் பாருங்கள்: 'ஏகாதிபத்திய எதிர்ப்பு'க்கு நடுவில் ஒற்று வராது, 'ஏகாதிபத்தியக் கொள்கை'க்கு 'க்' கட்டாயம். பெரும்பாலும் விட்டுப்போவது அந்த 'க்'தான்.