வரி விகிதம் நிலையில்லாத காலத்தில் ஏற்றுமதி ஆர்டரை எடுப்பது எப்படி: பின்னலாடை உற்பத்தியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஏப்ரல் 2 அன்று இந்தியப் பொருள்களுக்கு 26 சதவீதக் கூடுதல் வரியை அமெரிக்கா அறிவித்தது. ஒரே வாரத்தில் அதை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்து, 10 சதவீதத்தை மட்டும் வசூலித்தது. பிறகு ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் என்றும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் என்றும் உயர்த்தியது. திருப்பூரில் ஓர் ஆர்டர் உறுதியான பிறகு நூல் வாங்கி, துணி பின்னி, சாயமேற்றி, வெட்டித் தைத்து, பெட்டி கட்டி, தூத்துக்குடி வழியாக அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகின்றன. ஏப்ரல் மாதத்தில் பேசி முடித்த விலை, சரக்கு கரை சேரும்போது வேறொரு வரி விகிதத்தைச் சந்தித்தது இதனால்தான்.

அடுத்து எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தம் எப்போது முடியும் என்று ஊகிப்பதில் ஓர் உற்பத்தியாளர் செலவிடும் நேரம் பெரும்பாலும் வீண். அவர் கையில் இருப்பது, ஆர்டர் எடுக்கும் நாளுக்கும் சரக்கு இறங்கும் நாளுக்கும் இடையே வரி மாறினால் அந்தச் சுமை யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வதும், அதற்கேற்பப் பணத்தையும் தறியையும் ஆள்களையும் அமைத்துக்கொள்வதும்தான். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது.

உங்கள் ஆடைக்கு உரிய வரியைக் கணக்கிடுதல்

செய்தியில் வரும் விகிதம் உங்கள் ஆடைக்கு உரிய மொத்த வரி அன்று. அது ஏற்கெனவே உள்ள அடிப்படை வரிக்கு மேல் வருவது. அமெரிக்காவில் பருத்திப் பின்னல் டி-சர்ட்டுக்கு அடிப்படை வரி 16.5 சதவீதம்; அதே ஆடை செயற்கை இழையில் இருந்தால் 32 சதவீதம். கலப்புத் துணியில் எடையால் எந்த இழை மிகுதியோ அதுவே வகையைத் தீர்மானிக்கும். எனவே பாலியஸ்டர் சேர்த்துத் துணி விலையைக் குறைக்கலாம் என்று பையர் (ஆடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) சொல்லும்போது, அந்த மாற்றம் ஆடையை 32 சதவீத வகைக்குள் தள்ளிவிடுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்கச் சுங்கத்துறை வரியை எஃப்.ஓ.பி. மதிப்பின் மீது, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான விலையின் மீது, கணக்கிடுகிறது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின் மீது கணக்கிடுகின்றன. இரண்டு சந்தைகளுக்கும் ஒரே கணக்குத் தாளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

இனி ஒரு கணக்கு. எஃப்.ஓ.பி. விலை 4 டாலர் உள்ள பருத்தி டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். கூடுதல் வரி 50 சதவீதமானால் மொத்தம் 66.5 சதவீதம், வரியோடு சேர்த்து அதன் விலை 6.66 டாலர். அதே 2025 ஆகஸ்ட் மாதத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம். அங்கிருந்து அதே 4 டாலருக்கு வரும் டி-சர்ட்டின் விலை வரியோடு 5.46 டாலர். இந்த விலைக்கு இறங்கி வர வேண்டுமானால் நாம் எஃப்.ஓ.பி. விலையை ஏறத்தாழ 3.28 டாலராக, அதாவது 18 சதவீதம் குறைக்க வேண்டும். பின்னலாடைத் தொழிலில் அவ்வளவு லாப விகிதம் எந்த நேர்மையான கணக்கிலும் இல்லை. ஆனால் கூடுதல் வரி 25 சதவீதமாக இருந்தால் வரியோடு விலை 5.66 டாலர், ஈடுகட்டத் தேவையான குறைப்பு 14 சென்ட், அதாவது மூன்றரை சதவீதம். இது வலிக்கும், ஆனால் நூல் விலையிலும் வீணாகும் துணியிலும் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவு.

ஆகவே உங்கள் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இந்தக் கணக்கைக் குறைந்தது மூன்று விகிதங்களில் போட்டு வையுங்கள். எந்த விகிதம் வரை தள்ளுபடி கொடுத்துப் பையரைத் தக்கவைக்கலாம், எந்த விகிதத்துக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ஆர்டரும் நஷ்டம் என்ற எல்லைக்கோடு அப்போது எண்ணாகக் கிடைக்கும். பையிங் ஏஜெண்ட் தொலைபேசியில் அவசரப்படுத்தும்போது அந்த எண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பையரை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நஷ்டத்துக்கு ஒப்புக்கொண்ட முதல் ஆர்டர், அடுத்த சீசனில் அதே பையரின் தொடக்க விலையாகிவிடுகிறது.

வரியைக் குறைக்கச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளும் உண்டு. 2025 ஏப்ரல் ஆணையின்படி, பொருளின் மதிப்பில் குறைந்தது 20 சதவீதம் அமெரிக்க மூலப்பொருளாக இருந்தால், அந்தப் பங்குக்கு, பரஸ்பர வரி எனப்பட்ட அப்போதைய கூடுதல் வரி இருக்கவில்லை. அமெரிக்கப் பஞ்சில் செய்த நூலைப் பற்றி ஆலைகள் பேசத் தொடங்கியது இதையொட்டித்தான். அச்சும் பூவேலையும் மிகுந்த ஆடையில் பஞ்சின் பங்கு அந்த அளவை எட்டுவது கடினம்; எளிய அடிப்படை ஆடையில் எட்டுமா என்பதைக் கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். எட்டினாலும், பஞ்சு பேல் முதல் ஆடை வரை தொடர்ச்சியான ஆவணம் இல்லாமல் சலுகை கிடைக்காது. விதி நடைமுறையில் இருக்கிறதா என்பதைப் பையரின் சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே நூலுக்கு ஆர்டர் கொடுங்கள். வேறொரு நாட்டின் வழியாகச் சுற்றி அனுப்பிப் பிறப்பிடத்தை மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அது சுங்க மோசடி, தண்டனை வரியும் வழக்கும் கொண்டுவரும்.

ஆர்டர் உறுதி செய்யும்போது எழுத வேண்டியவை

எஃப்.ஓ.பி. அடிப்படையில் விற்றால் இறக்குமதி வரி பையருடைய பொறுப்பு என்பது சட்டப்படி சரி. நடைமுறையில், வரி ஏறியதும் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற மின்னஞ்சல் வந்துவிடுகிறது. சரக்கு பெட்டி கட்டிய நிலையில் இருக்கும்போது மறுக்கும் வலிமை நமக்கு இருப்பதில்லை. பேரம் பேசும் வலிமை துணி வெட்டுவதற்கு முன்புதான் இருக்கிறது. அதனால் பையரின் பி.ஓ.வை (பர்ச்சேஸ் ஆர்டரை) ஏற்கும் கடிதத்திலேயே சில வாக்கியங்களைச் சேர்க்க வேண்டும். விலை எந்தத் தேதியின் எந்த வரி விகிதத்தை வைத்துச் சொல்லப்பட்டது, அதன் பிறகு ஏறினால் உற்பத்தியாளர் ஏற்கும் பங்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம், குறைந்தால் அந்தப் பயன் எப்படிப் பகிரப்படும், நூல் வாங்கிய பின் ரத்து செய்தால் எவ்வளவு, வெட்டிய பின் ரத்து செய்தால் எவ்வளவு இழப்பீடு என்பவை அவை. பெரிய பையர்கள் தங்கள் அச்சடித்த நிபந்தனைகளை மாற்ற மறுக்கலாம். அப்போதும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கி வைத்திருப்பது பின்னர் பேச ஒரு பிடியைத் தரும்.

வரி உட்பட வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் டி.டி.பி. முறையை, இத்தகைய காலத்தில் சிறிய நிறுவனங்கள் தவிர்ப்பதே நல்லது. அதில் மாறும் வரி முழுவதும் விற்பவர் தலையில் விழும்.

பலர் கவனிக்காத இன்னொன்று திரும்பக் கிடைக்கும் வரி. ஏப்ரலில் அறிவித்த கூடுதல் வரிகள் செல்லாது என்று 2025 மே 28 அன்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசியல் முடிவால் வந்த வரி நீதிமன்றத்தால் நீங்கினால், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை சுங்கப் பதிவில் இறக்குமதியாளராக உள்ளவருக்கே. வரிக்காகத் தள்ளுபடி கொடுத்த நம் பெயர் அந்தப் பதிவில் இருக்காது. ஆகவே தள்ளுபடி கொடுக்கும் ஒவ்வொரு முறையும், இது இன்ன வரியின் பொருட்டுக் கொடுக்கப்பட்டது, அந்த வரி திரும்பக் கிடைத்தால் இதே விகிதத்தில் எங்களுக்கும் திருப்ப வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை எழுதி ஒப்புதல் வாங்குங்கள். சாதாரண விலைக் குறைப்பாகப் பில்லில் காட்டிவிட்டால் பின்னர் கேட்க வழியில்லை.

தேதியையும் அப்படியே கவனமாகப் படிக்க வேண்டும். ஆகஸ்ட் 27 வரியில், அந்நாளுக்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்காவில் சுங்கம் முடிந்த சரக்குக்கு விலக்கு இருந்தது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய தேதிக்கு அங்கே மதிப்பில்லை. கொழும்பில் வேறு கப்பலுக்கு மாற்றி அனுப்பும் சரக்கில் எந்தக் கப்பலில் ஏறிய நாள் கணக்காகும் என்பதையும் ஏற்றுமுன் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஒப்பந்தச் செய்தியை எப்படிப் படிப்பது

கெட்ட செய்தி மட்டுமன்றி நல்ல செய்தியும் ஆர்டரை முடக்கும். வரி நீங்கப் போகிறது என்று தெரிந்தால், பையர் அதுவரை காத்திருக்க நினைப்பது இயல்பு. இந்தியா–பிரிட்டன் பேச்சு 2022 ஜனவரியில் தொடங்கியது. அந்த ஆண்டு தீபாவளிக்குள் முடியும் என்றார்கள். முடிந்ததாக அறிவிப்பு வந்தது 2025 மே 6 அன்று. கையெழுத்தானது ஜூலை 24 அன்று. அதற்குப் பின்னும் பிரிட்டன் நாடாளுமன்ற நடைமுறை பாக்கி இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007-இல் தொடங்கிய பேச்சு 2013-இல் நின்று, 2022-இல்தான் மீண்டும் தொடங்கியது. மாறாக, ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 பிப்ரவரியில் கையெழுத்தாகி மே 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. பேச்சு முடிந்தது, கையெழுத்தானது, நாடாளுமன்றம் ஏற்றது, நடைமுறைக்கு வந்தது என்ற நான்கும் வெவ்வேறு நாள்கள். கடன் வாங்கிப் புதிய எந்திரம் போடுவதற்கு நான்காவதை மட்டுமே நம்ப வேண்டும். சாம்பிள் அனுப்பவும் பையரைச் சந்திக்கவும் முதலாவதே போதும்.

நடைமுறைக்கு வந்த ஒப்பந்தமும் தானாகச் சலுகை தராது. உங்கள் ஆடையின் சுங்கக் குறியீட்டுக்கு உரிய பிறப்பிட விதியைப் படித்து, நூலும் துணியும் எங்கே உருவானால் தகுதி கிடைக்கும் என்று பார்த்து, அதற்கான பில்களைச் சேர்த்து வைக்க வேண்டும். இறக்குமதித் துணியில் தைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

கிடைத்த சலுகை அரசியலால் பறிபோவதும் உண்டு. இலங்கை ஆடைத் தொழில் ஐரோப்பிய ஒன்றியம் வளரும் நாடுகளுக்குத் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை மனித உரிமைக் காரணங்களால் 2010-இல் இழந்தது. 2017-இல்தான் திரும்பப் பெற்றது. ஒரே நாட்டின் ஒரே சலுகையை நம்பி ஆலையை வளர்ப்பவர் இந்த ஏழாண்டு இடைவெளியை நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு சந்தையை உருவாக்கப் பொதுவாக இரண்டு, மூன்று சீசன்கள் ஆகும். அளவு, துணி எடை, தணிக்கைச் சான்றிதழ் எல்லாம் மாறும். ஆதலால் அமெரிக்க ஆர்டர் நன்றாக இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும்.

வங்கியும் பணமும்

வங்கியிடம் தவணை தவறிய பின் போகாமல், ஆர்டர் தள்ளிப்போன வாரமே போங்கள். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி, பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளர்களுக்குச் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்கவும், ஏற்றுமதிக் கடனின் காலத்தை 450 நாள்கள் வரை நீட்டிக்கவும் வங்கிகளுக்கு வழிவிட்டது. ஏற்றுமதிப் பணத்தைக் கொண்டுவரும் கெடுவும் 9 மாதத்திலிருந்து 15 மாதமாயிற்று. இவை கேட்டவருக்குக் கிடைக்கும் வகையிலான உதவிகள். இத்தகைய உதவி இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்று வங்கியிடம் கேட்டு, ரத்து மின்னஞ்சல், பி.ஓ., இருப்புக் கணக்கு ஆகியவற்றோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

பின்னர் வரப்போகும் டாலரை இன்றே விலை பேசி வங்கியிடம் ஃபார்வேர்டில் விற்று வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆர்டர் ரத்தாகி, அதற்குள் ரூபாய் மதிப்பும் சரிந்திருந்தால், அந்த ஃபார்வேர்டை ரத்து செய்ய நம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கும். உறுதியாகாத ஆர்டர்களுக்கு முழுத் தொகையையும் விற்காமல், துணி வெட்டிய அளவுக்கு மட்டும் விற்பது பாதுகாப்பானது. மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான ஈ.சி.ஜி.சி. தரும் காப்பீடு, பையர் பணம் தராமல் போவதற்கும் சில அரசியல் இடர்களுக்கும் உரியது. வரி ஏறியதால் நீங்களே ஒப்புக்கொண்ட தள்ளுபடி அதில் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஜாப் ஒர்க் அலகுகளும் தொழிலாளர்களும்

பையர் பணத்தைத் தாமதப்படுத்தினால் நாமும் டையிங், நிட்டிங், பிரிண்டிங் வேலைகளைக் கூலிக்குச் செய்துதரும் அலகுகளுக்குத் தாமதப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. பதிவு பெற்ற குறு, சிறு அலகுகளுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். ஆண்டு முடிவில் கெடு கடந்து நிற்கும் பாக்கியை, அதைக் கொடுக்கும் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம், அந்த அலகுகளுக்கு நம்மைப் போல வங்கிக் கடன் வசதி இல்லை. அவை மூடினால் வரி நீங்கிய பிறகு சாயமேற்ற நமக்கு ஆள் இருக்காது.

கெடு தேதிக்கு முன் ஷிப்மெண்டை முடிக்க இரவும் பகலும் தைக்கவைத்து, மறுவாரமே வேலை இல்லை என்று அனுப்புவது தொழிலாளிக்கு இழைக்கும் அநீதி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அறை வாடகையைக் கொடுத்துக்கொண்டே காத்திருக்க முடியாது. ஊர் திரும்பினால் பலர் மீண்டும் வருவதில்லை. எத்தனை வாரத்துக்கு ஆர்டர் இருக்கிறது என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். ஷிப்டைக் குறைத்து எல்லோருக்கும் பங்கிடுங்கள். உள்நாட்டு ஆர்டர், குறைந்த லாபமானாலும், ஒரு லைனையாவது ஓடவைக்கும்.

சங்கக் கூட்டத்துக்கோ அதிகாரிகளைச் சந்திக்கவோ போகும்போது, நஷ்டம் அதிகம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தக் குறியீட்டில் எத்தனை ஆர்டர் ரத்து, எத்தனைக்குத் தள்ளுபடி, எவ்வளவு இருப்பு தேங்கியது, எத்தனை பேரின் வேலை நாள் குறைந்தது என்று மாதவாரியாக எழுதிய ஒரு தாளைக் கொண்டுபோங்கள். 2025 ஆகஸ்ட் 19 முதல் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரிக்கு மத்திய அரசு விலக்கு அளித்ததும், பின்னர் அதை டிசம்பர் 31 வரை நீட்டித்ததும் ஜவுளித் தொழில் முன்வைத்த கோரிக்கைகளுக்குப் பின்னரே.